பழைய பின்பால் மெஷின் வாங்கலாமா? ஆறு வருஷம் வைத்திருப்பவன் சொல்கிறேன்

நண்பர் ஒருவர் நேற்று கேட்டார்: "அண்ணே, உங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு பின்பால் மெஷின் விலைக்கு வருது, வாங்கலாமா?" வாங்காதே என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன், அதனால் காரணத்தையும் எழுதுகிறேன்.

பின்பால் என்றால் சாய்ந்த மேசையில் இரும்புப் பந்தைத் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. என்னுடையது 1970களில் சிகாகோவில் செய்தது. சிப் எதுவும் கிடையாது, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), காயில் (மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச் சுருள்), ஒரு மோட்டார், அவ்வளவுதான். உள்ளே ஏகப்பட்ட மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் முனையிலும் மிளகைவிடச் சின்னதாக ஒரு காண்டாக்ட், இரண்டு தொட்டால்தான் மின்சாரம் பாயும். அதில் ஒன்று கறுத்தால் போதும், புள்ளியைக் காட்டும் எண் சக்கரங்களில் பத்துகள் இடத்து ரீல் ஏழிலேயே நின்றுவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், கறுக்காமல் என்ன செய்யும்? போன மாதம் பழுதுபார்க்க வந்தவர் காண்டாக்ட் மேலேயே எண்ணெய் ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார். தூசியெல்லாம் அதில் அப்பிக்கொண்டு, தடித்த அட்டையை இடுக்கில் விட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து முடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

சரி, ஏன் வைத்திருக்கிறேன்? பந்து 50 புள்ளிக் குழியில் விழுந்தால் மெஷின் 50ஐ ஒரேயடியாகக் கூட்டாது, அதற்குக் கூட்டவே தெரியாது. மோட்டார் சுழன்று ஐந்து முறை மின்சாரத்தைத் தட்டிவிடும், ரீல் ஐந்து பல் நகரும், உள்ளே உலோகப் பட்டையில் ஐந்து மணி அடிக்கும். கணக்குப் போடுவதைக் காதால் கேட்கலாம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது, அதனால் மோட்டார் இங்கே கொஞ்சம் மெதுவாகச் சுழல்கிறது. அந்த ஐந்து மணியும் என் வீட்டில் நிதானமாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டு விழும். எனக்கு இதுதான் சரியான வேகம். நாலு மணி மட்டும் அடித்தால் சமையலறையில் இருந்தாலும் தெரிந்துவிடும், அப்புறம் சாப்பாடு இறங்காது.

வாங்காதே என்பதில் மாற்றமில்லை. என்னுடையதை விற்கவும் மாட்டேன். சனிக்கிழமை வந்து ஆடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இரவு ஒன்பதுக்குள். ரீப்ளே, அதாவது இலவசமாக இன்னொரு ஆட்டம், கிடைத்தால் பெட்டிக்குள் ஒரு காயில் மரத்தில் ஓங்கி அடிக்கும், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.