கவுன்சலிங் ஆப்பில் 14,400 ரூபாய் போச்சு, நான் சொன்னதெல்லாம் அப்பா காதுக்கும் போச்சு

பதற்றத்துக்கு ஆன்லைனில் தெரபிஸ்ட் தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். நேற்று ராத்திரிதான் ஒரேயடியாகக் கைவிரித்தார்கள். 14,400 ரூபாய் திரும்பி வராதாம்.

நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன் நான். பிராய்லர் பள்ளி என்பார்களே, அந்த ரகம். விடியற்காலை நாலரைக்கு விசில், ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி. வீட்டுக்கு ஃபோன் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். வேலைக்கு வந்தும் அது விட்டபாடில்லை. தெருவில் டிராஃபிக் போலீஸ் விசில் ஊதினால்கூட நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்த்துவிடும். சென்னையில் தனியாக ரூம் எடுத்திருந்தாலும் சம்பளத்தில் முக்கால்வாசி அப்பா கணக்குக்கு, என் ஃபோன் லொகேஷனும் அவர் கையில்.

முதல் 20 நிமிடம் இலவசம் என்றது அந்த ஆப். வீடியோவில் வந்த தெரபிஸ்ட் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். விசிலைப் பற்றிச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அந்த வயசுக்கு அது பெரிய பாரம். இங்க சொல்றது எதுவும் வெளிய போகாது" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அழுதுவிட்டேன். கால் முடிந்த கையோடு பேக்கேஜ் லிங்க் வந்தது. எட்டு அமர்வு, 14,400 ரூபாய், மொத்தமும் முன்பணம். மிச்சம் பிடித்து வைத்திருந்த காசை எடுத்துக் கட்டினேன்.

பணம் ஏறியதும் பேச்சே மாறிவிட்டது. "ஹாஸ்டல்ல படிச்சதாலதானே இந்த வேலை?" "பெத்தவங்க கெட்டதா நினைப்பாங்க?" பாதி நேரம் அவர் கண் வேறு ஸ்கிரீனில். இரண்டாவது அமர்வு முடிந்த சாயங்காலமே அப்பா ஃபோன். "எவளோ ஒருத்திகிட்ட நம்ம குடும்ப மானத்தை வாங்குறியாடா?" விசில், சம்பளம், லொகேஷன் என்று நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். ரத்த உறவு ஒருவருடைய எண் கட்டாயம், அவசரத்துக்கு மட்டும் என்று படிவத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணுக்குத்தான் அந்த அம்மா கூப்பிட்டிருக்கிறார். என் உயிருக்கு ஆபத்து என்றாலாவது சரி. "ஃபேமிலியையும் சேர்த்துக்கிட்டா சீக்கிரம் சரியாகும்னு நினைச்சேன்" என்கிறார். எனக்கு 24 வயது. என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எந்தப் பிடியிலிருந்து வெளியே வரப் பார்த்தேனோ, அங்கேயே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

புகார் எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி". மறுபடி எழுதினால் "வேறு தெரபிஸ்ட் தருகிறோம்". காசைக் கேட்டால் "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் இல்லை". மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23வது பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறதே என்று கேட்டேன். "நாங்கள் மருத்துவமனை இல்லை, வெல்னெஸ் சேவை" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். காசு வாங்கும்போது மட்டும் தெரபி! கூப்பிடுவதாகச் சொன்ன மேனேஜர் கூப்பிடவே இல்லை. மிச்சமிருக்கும் ஆறு அமர்வுக்காவது கொடுங்கள் என்றேன், அதுவும் இல்லை. முழு 14,400 ரூபாய்.

நல்ல தெரபிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. பேக்கேஜ் வேண்டாம், ஒவ்வொரு அமர்வுக்காகக் கட்டுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். வீட்டாரிடம் எப்போது பேசுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காசு இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்த அம்மாவின் பதிவு எண்ணைக் கேட்டும் ஆப்புக்கு எழுதியாகிவிட்டது. இன்னும் தரவில்லை.