அட்மின் அனுமதி தந்துவிட்டு எழுந்து போனதால் எனக்கு நேர்ந்தது

பிரிண்டருக்கு அனுப்பிய கோப்புகள் வரிசையில் சிக்கி நின்றுவிட்டதால், இணையவழியில் பழுது நீக்கித் தரும் ஒரு சேவையைக் கட்டணம் செலுத்தி நாடினேன். தொலைவிலிருந்து என் கணினியைக் கையாண்ட பணியாளர் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டி இயக்கும் விண்டோஸின் கறுப்புச் சாளரம்) ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ முறையில், அதாவது கணினியில் எதையும் மாற்றவல்ல நிர்வாகி (அட்மின்) உரிமையோடு, திறந்தார். திரை மங்கி, அனுமதிப் பெட்டி தோன்றியதும், “யெஸ் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் சார்” என்றார். நானும் எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பிரிண்டர் ஓடியது. அந்தக் கறுப்புச் சாளரம் மட்டும் மூடப்படாமல், எழுத்துகள் துடைக்கப்பட்டு வெறுமையாகக் கிடந்தது. செய்ததைக் குறித்து வைத்தால் அடுத்த முறை நாமே பார்த்துக்கொள்ளலாமே என்றுதான் எஃப்7 விசையை அழுத்தினேன். திரையைத் துடைத்தாலும், சாளரம் திறந்திருக்கும்வரை அதில் இட்ட கட்டளைகளை அந்த விசை வரிசையாகக் காட்டிவிடும். முதல் வரிகளில், அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் என்ற சேவையை நிறுத்தி, தேங்கியதை அழித்து, மீண்டும் தொடங்கியிருந்தார். அதற்கு அட்மின் உரிமை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே, ‘நெட் யூசர்’ கட்டளையால் ஒரு புதிய கணக்கு, கடவுச்சொல்லோடு. அடுத்து, ‘நெட் லோக்கல்குரூப்’ வழியே அதற்கு நிர்வாகி உரிமை. கடைசியாக, சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடும்படி ஒரு பவர்ஷெல் (இன்னொரு கட்டளைக் கருவி) வரி.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து நாம் பழகிவிட்ட அந்த அனுமதிப் பெட்டி ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கும் என்ற நினைப்பில் இருந்தேன். அது கேட்பது சாளரத்துக்கு மட்டுமே. ஒருமுறை ‘யெஸ்’ சொன்னபின், அந்தச் சாளரத்தில் எதைத் தட்டினாலும், அங்கிருந்து எந்த நிரலைத் திறந்தாலும், அதே உரிமையோடு ஓடும்.

இந்தக் கணக்கு எதற்கு என்று அந்தச் சேவையினரிடம் கேட்டதற்கு, “வருங்காலப் பராமரிப்புக்காக” என்றார்கள். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. இணையத்தைத் துண்டித்து, அந்தக் கணக்கை நீக்கினேன். வேறென்ன மாற்றியிருப்பார்களோ என்ற ஐயம் தீராததால் விண்டோஸையே புதிதாக நிறுவி, கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்றினேன்.

இப்படி யாரிடமாவது கணினியை ஒப்படைத்திருந்தால், கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் யூசர்’ என்று மட்டும் தட்டி வரும் பெயர்களையும், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ (டிஃபெண்டர் சோதிக்காமல் விடுபவை) பட்டியலையும் இன்றே பாருங்கள். தொலைவிலிருந்து இயக்க அவர்கள் நிறுவச் சொன்ன செயலி இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் கணினியில் அது இருந்தது.