கடலூர் முதுநகர்க் கடையில் ஒரு பில் மென்பொருள்: தமிழ்ப் பெயருக்கு நேரே விலை நிற்கிறது

கடலூர் முதுநகரில் என் அண்ணன் நடத்தும் மொத்தக் கருவாட்டுக் கடைக்கு, புதுச்சேரியில் உள்ள ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து பில் போடும் மென்பொருள் வாங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. சி என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்டு, லினக்ஸ் இயங்குதளத்தின் டெர்மினலில், அதாவது எழுத்துகளை மட்டும் காட்டும் சாளரத்தில், ஓடுவது அது. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்பதால், உப்புக் கையோடு கல்லாவுக்கு வரும் அண்ணனுக்கு அதுவே வசதியாக இருக்கிறது. மூல நிரலையும் சேர்த்தே தருகிறார்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இதற்கு முன் வைத்திருந்த மென்பொருளில் சரக்குப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைத்திருந்தோம். தமிழில் மாற்றிய அன்றே விலைப் பத்தி கலைந்துவிட்டது. காரணம் எளிது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், மெய், உயிர்க்குறி, புள்ளி என நாம் வழக்கமாக எழுதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் (கணினி நினைவக அலகு) எடுக்கும். "நெத்திலி" என்ற சொல்லில் குறியீடுகள் 8, பைட்டுகள் 24, நாம் வாசிக்கும் எழுத்துகளோ 4. சி மொழியில் உரையை அச்சிடும் பிரிண்ட்எஃப் கட்டளையில் பெயருக்கு 20 இடம், மிஞ்சினால் வெட்டு என்று எழுதினால் அது எண்ணுவது பைட்டை மட்டுமே. ஆகவே 6 குறியீடுகளும், ஏழாவதான லகரத்தின் முதல் 2 பைட்டுகளும் உள்ளே போய், "நெத்தி" என்பதற்குப் பின் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். 12 பைட் கொண்ட "சீலா"வுக்கோ எட்டு வெற்றிடம் சேரும். அதன் விலை வேறோர் இடத்தில் போய் நிற்கும். இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்துக் கூட்டுவதற்குள் அண்ணன் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

புதிய மென்பொருளை எழுதியவர்கள் பைட், குறியீடு, திரையில் பிடிக்கும் கட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு எண்கள் என்பதை முதல் வரியிலிருந்தே மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். நிரல் தொடங்கியதும், திரையை அமைப்பதற்கு முன்பே, எந்த மொழி, எந்த எழுத்து முறை என்ற அமைப்பை (லொகேல்) தெரிவிக்கும் செட்லொகேல் அழைக்கப்படுகிறது; அதை விட்டுவிட்டால், சி மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பான சி நூலகத்துக்குத் தமிழ் என்பது பொருளற்ற பைட்டுகளின் வரிசைதான். சரக்குப் பட்டியலை 4096 பைட் கொண்ட துண்டுகளாக வாசிக்கிறார்கள். 4096 என்பது மூன்றால் மீதியின்றி வகுபடாது. இடையில் வெற்றிடமும் எண்ணும் கலந்து வரும்போது எந்த எழுத்து எந்தத் துண்டின் முனையில் உடையும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அப்படி உடைந்த எழுத்தை "பிழை" என்று தள்ளிவிடாமல், "இன்னும் முடியவில்லை" என்று நூலகம் தனியாகத் திருப்பித்தரும் விடையை மதித்து, அதுவரை வாசித்த நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த துண்டோடு சேர்த்துப் படிக்கிறார்கள். இந்த ஒரு பகுதியைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர்கள்மேல் முழு நம்பிக்கை வந்தது.

கட்ட அகலத்தைக் கையாண்ட விதத்தை இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு வைட் கேரக்டர் (ஒரு குறியீட்டை நிரலுக்குள் வைத்திருக்கும் வடிவம்) திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்ல டபிள்யூசிவிட்த் என்ற செயற்கூறு இருக்கிறது. ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோட் பட்டியலில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காத வகையிலும், இகரக் குறியும் உகரக் குறியும் இடம் எடுக்கும் வகையிலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்குப்படி "சி" இரண்டு கட்டம், "சீ" ஒரு கட்டம். மார்கஸ் கூன் என்ற கணினி அறிஞர் எழுதி, பலரும் எடுத்தாளும் இலவச நிரலிலும் இதே நிலைதான். தமிழ் எழுதத் தெரிந்த எவரும் இதை ஏற்க மாட்டார்கள். அதனால் இந்த மென்பொருள் வெற்றிடங்களை எண்ணி நிரப்புவதையே கைவிட்டு, பெயரை எழுதியதும் கர்சரை விலைப் பத்தியின் குறிப்பிட்ட இடத்துக்கு நேரடியாக நகர்த்துகிறது. டெர்மினல் எப்படிக் கணக்கிட்டாலும் விலை தன் இடத்தைவிட்டு அசைவதில்லை. பெயர் நீளமாக இருந்து வெட்ட நேர்ந்தால், உயிர்க்குறியையோ புள்ளியையோ அதன் மெய்யிலிருந்து பிரிக்காமல் முழு எழுத்தாகவே வெட்டுகிறார்கள். சிறிய தெர்மல் பிரிண்டருக்குத் தமிழை உரையாக அனுப்பாமல், வரியைப் படமாக்கி அனுப்புவதால் ரசீதும் தெளிவாக வருகிறது.

லினக்ஸில் வைட் கேரக்டர் 4 பைட், விண்டோஸில் 2 பைட். மீன் பெயர்களுக்கு இரண்டுமே போதும். ஆனால் 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகள், 1/320 என்னும் முந்திரி உட்பட, 2 பைட்டில் அடங்காதவை. பழைய கணக்குச் சுவடிகளைப் படியெடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கருவாட்டுக் கடைக்கு அந்தக் கவலை இல்லை.

குறைகளும் உண்டு. அகரவரிசையை வெறும் பைட் ஒப்பீட்டால் அடுக்குகிறார்கள். யூனிகோடில் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் வருவதால், பட்டியலில் "வாளை" முதலிலும் "வாவல்" அதற்குப் பின்னும் நிற்கின்றன. பள்ளியில் கற்ற ய, ர, ல, வ, ழ, ள வரிசையில் தேடும் அண்ணன் ஒவ்வொரு முறையும் தவறான இடத்தில் பார்க்கிறார். லொகேல் அறிந்து ஒப்பிடும் ஸ்ட்ர்கால் சி நூலகத்திலேயே இருக்கும்போது இதை விட்டுவைத்திருக்கக் கூடாது. தேடல் பெட்டியில் பின்னழிப்பு விசை குறியீடு குறியீடாகவே அழிக்கிறது. "லி"யை நீக்க இரு முறை தட்ட வேண்டும். திருத்தும்போது இது சில நேரம் உதவுவதால் பெரிய குறையாக நான் கொள்ளவில்லை. வரைகலைத் திரை இல்லாத வெறும் கன்சோலில் இது பயன்படாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

நிறுவ வந்தவர் பகல் முழுவதும் கடையில் இருந்து, பழைய பட்டியலில் இருந்த பெயர்களை அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் ஏற்றிக் கொடுத்தார். "கிழங்கான்னு எழுதுங்க தம்பி, கெழங்கான்னு எழுதிடாதீங்க" என்று அண்ணன் அவரைத் திருத்தியதும் நடந்தது. தமிழில் ரசீது தர விரும்பும் சிறு கடைகளுக்கு இந்த மென்பொருளை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வரிசைப் பிழைக்கான திருத்தத்தை நானே எழுதி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது.