ஜம்பர் வயர் மாறிப் போட்டதும் "இசியு போய்விட்டது" என்றால் உடனே நம்பாதீர்கள்

பற்றரி இறங்கிய காருக்கு ஜம்பர் வயர் போட்டுத் தருவதாகக் காசு வாங்குகிறவர்களும், பிறகு கார் போய்ச் சேரும் கராஜும் சேர்ந்தால் ஒரு சின்னப் பிழைக்குப் பெரிய பில் வரும். திருகோணமலையில் ஒரு விட்ஸ் காருக்கு நடந்தது இதுதான். இசியு என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி.

கோணேசர் கோயிலடியில் நிறுத்தியிருந்த கார். உள்லைட் எரிந்தபடியே கிடந்து பற்றரி இறங்கிவிட்டது. உதவிக்கு வந்தவர் தன் வாகனத்தில் பிளஸ் எந்தப் பக்கமோ அதே பக்கத்தில் இதிலும் சிவப்பு வயரைக் கொழுவினார். யப்பான் கார்களில் பற்றரி இரண்டு விதமாக வரும். 38பி19எல், 38பி19ஆர் என்று கடைசி எழுத்து மட்டுந்தான் வித்தியாசம். ஒன்றின் பிளஸ் இருக்கும் பக்கத்தில் மற்றதன் மைனஸ் இருக்கும். பக்கத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது. கடற்காற்றில் டெர்மினல் பூத்து, பச்சையும் வெள்ளையுமாக மூடியிருந்தால் துடைத்துக் குறியைப் பாருங்கள். குறி அழிந்திருந்தாலும் தடித்த முனைதான் பிளஸ்.

மாறிக் கொழுவினால் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளும் தொடராகி, நடுவில் வயரைத் தவிரத் தடையே இல்லாமல் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது ஆல்டர்நேட்டர். அதற்குள் இருக்கும், ஒரு திசையில் மட்டும் மின்னை விடும் டயோட்கள் தலைகீழ் மின்னழுத்தத்துக்குக் கதவைத் திறந்துவிடும். அந்த ஓட்டத்தை அறுக்கத்தான் பியூஸ் பெட்டியில் 100 அம்பியருக்கு மேற்பட்ட பெரிய மெயின் பியூஸ் இருக்கிறது. அது உருகினால் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். பற்றரி வாயுவில் பொறி பட்டு வெடித்தால் அசிட் முகத்தில் தெறிக்கும். வாகனச் சேதத்தைவிட அதுதான் பயங்கரம்.

இந்தக் காரில் பொறி பறந்தது, கருகிய மணம் வந்தது, டாஷ்போர்ட் செத்தது. வந்தவர் காசோடு போய்விட்டார். கராஜில் மீற்றரே எடுக்காமல் "இசியு போய்விட்டது" என்று சொல்லி, பழைய இசியு ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். கார் அசையவில்லை. உருகிய மெயின் பியூஸ் அப்படியே கிடந்தது. அது சரியாக இருந்திருந்தாலும், இமொபிலைசர் (பதிந்த திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத களவுத் தடுப்பு) உள்ள காரில் வேறு காரின் இசியுவைப் பூட்டினால் திறப்பு அதற்குப் பதியப்படாமல் எஞ்சின் ஓடாது. கடைசியில் இன்னொரு இடத்தில் மெயின் பியூஸையும் ஆல்டர்நேட்டரின் டயோட் தட்டையும் மாற்றி, காரில் முதலில் இருந்த இசியுவையே திரும்பப் பூட்டினார்கள். ஸ்டார்ட் ஆனது.

ஆகவே சோதனையை இந்த ஒழுங்கில் செய்யச் சொல்லுங்கள். முதலில் மைனஸைக் கழற்றிப் பற்றரியைத் தனியே அளக்க வேண்டும். மீற்றர் மைனஸ் வோல்ற் காட்டினாலோ, உடல் வீங்கியிருந்தாலோ அதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். அடுத்தது மெயின் பியூஸ். பிறகு, மைனஸ் கழன்றிருக்கும்போதே ஆல்டர்நேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, அது பூட்டியிருந்த முனைக்கும் ஆல்டர்நேட்டர் உடலுக்கும் நடுவே மல்டிமீற்றரை டயோட் நிலையில் வைத்து, மீற்றர் வயர்களை மாற்றியும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மின் போகாததாகக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் டயோட் போய்விட்டது, புதுப் பியூஸும் போட்டவுடன் உருகும். அந்த நேரத்தில் பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றித் தருகிறேன் என்றால் காரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், எஞ்சினடியில் தீப்பிடிக்கும்.

இவை சரியான பிறகே ஸ்கேன் மெஷின். இசியு அதோடு பேசினால் அது செத்துவிடவில்லை. பேசாவிட்டால்கூட, இசியுவுக்கு வரும் பியூஸையும் எர்த்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வோல்ற் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

வயர் போடும் ஒழுங்கு: சிவப்பு இறங்கிய பற்றரியின் பிளஸுக்கு, மறுமுனை நல்ல பற்றரியின் பிளஸுக்கு. கறுப்பு நல்ல பற்றரியின் மைனஸுக்கு, அதன் மறுமுனை இறங்கிய காரின் எஞ்சின் இரும்பில், பற்றரிக்குத் தூரத்தில். கழற்றுவது இதற்கு நேர் எதிராக. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டை வைத்து வேறு காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். துறைமுகப் பக்கம் நிற்கும் லொறிகளில் பெரும்பாலும் 24 வோல்ற். பக்கத்தில் நிற்கிறதே என்று அதிலிருந்து காருக்கு எடுக்கக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் பில்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்.