செப்டிக் டேங்க் எப்ப எடுக்கணும்? நாத்தமா, நாள் கணக்கா, கம்பா?

போன கார்த்திகை மழையில எங்க வீட்டு டாய்லெட்ல தண்ணி ஊத்துனா கொப்புளம் விட்டு மெதுவா இறங்குச்சு, டேங்க் ரொம்பிடுச்சுன்னு உடனே லாரிய கூப்பிட்டு எடுத்தோம், பன்னெண்டே நாள்ல மறுபடியும் அதே பிரச்சினை. அப்புறம்தான் புரிஞ்சுது, கெட்டிக் கழிவு ரொம்பல, மழைல சுத்தி இருக்கற மண்ணு ஊறிப்போய் சோக் பிட் (டேங்க்லேருந்து வர்ற தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கற உறிஞ்சு குழி) தண்ணிய இழுக்கல, அவ்ளோதான். பணமும் போச்சு, வீட்ல வயசானவங்களுக்கு அவஸ்தையும் ஆச்சு.

அதனால அறிகுறிய பாத்து எடுக்கறத நான் கடைசிலதான் வெப்பேன். நாத்தம், தண்ணி இறங்காதது, சேம்பர்ல எதுக்களிச்சு வர்றது எல்லாம் லேட்டா வர்ற சேதி, அதுவும் பைப் அடைப்பா மழைத்தண்ணியா கழிவான்னு பிரிச்சு சொல்லாது. இன்னொண்ணு, மூடிய திறந்து "ஃபுல்லா இருக்கு சார்"னு யாராவது சொன்னா பயப்படாதீங்க, செப்டிக் டேங்க்ல தண்ணி எப்பவுமே வெளிய போற பைப் மட்டத்துக்கு நிக்கும், அப்படித்தான் கட்டுறாங்க. பாக்க வேண்டியது அடில படியற சேறும் மேல மிதக்கற ஏடும்தான்.

நாள் கணக்கு பரவால்ல. சின்ன வீட்டு டேங்க்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காவது எடுக்கணும்னு செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 சொல்லுது. வாடகைக்கு விட்ட வீடு, மூடியே திறக்க முடியாதபடி டைல்ஸ் போட்ட வீடுன்னா இதுதான் வழி. ஆனா நாலு பேர் இருக்கற வீட்டுக்கும் பத்து பேர் இருக்கற வீட்டுக்கும் ஒரே கணக்கு எப்படி சரியா வரும்?

எனக்கு நம்பிக்கை கம்பு மேலதான். பத்தடி மூங்கில் கம்போட அடில மூணடிக்கு பழைய வெள்ளை வேட்டித் துணிய சுத்தி சணல்ல இறுக்கி கட்டிட்டு, டாய்லெட் பைப் வந்து விழற மொத அறையில ஏட்ட ஒதுக்கிட்டு மெதுவா தரை தட்டற வரைக்கும் இறக்கி, ரெண்டு மூணு நிமிஷம் வெச்சிருந்து நேரா தூக்கணும். மேல துணி லேசா பழுப்பாத்தான் இருக்கும், ஒரு இடத்துக்கு கீழ தார் பூசுன மாதிரி கருப்பா துகள் ஒட்டியிருக்கும், அந்தக் கருப்ப டேப் வெச்சு அளந்துக்கோங்க. ஏடு எவ்ளோ தடிமன்னும் பாத்து அதோட கூட்டிக்கணும். ரெண்டும் சேந்து தண்ணி ஆழத்துல மூணுல ஒரு பங்கு வந்துட்டா லாரிய கூப்பிட்டுடலாம். எங்க டேங்க் 6 அடிக்கு 4 அடி, தண்ணி நாலரை அடி நிக்கும், அதாவது சுமார் 3000 லிட்டர், அப்ப எங்க கணக்கு 18 இன்ச்.

மூடிய திறந்ததும் குனிஞ்சு எட்டிப் பாக்காதீங்க, பக்கத்துல பீடி சிகரெட் நெருப்பு எதுவும் வேண்டாம், மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். தனியா செய்யாதீங்க, கொழந்தைங்கள தூரமா நிறுத்துங்க, அளந்ததும் மூடிய போட்டுடுங்க. துணி உள்ள விழுந்துட்டாலும் சரி, சேறு மிச்சம் இருந்தாலும் சரி, மனுஷங்கள உள்ள இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்குறது, மனுஷங்க மலம் அள்ளறத தடை பண்ண 2013 சட்டப்படி குற்றம், இறக்கிவிட்டவங்க ஜெயிலுக்குப் போக வேண்டி வரலாம். இப்படி இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் தரணும்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, ஆனா போன உயிர் போனதுதான். தமிழ்நாட்டுல 14420-க்கு போன் பண்ணா மிஷின் வெச்சு எடுக்க ஏற்பாடு கிடைக்கும்.

எந்த வழில போனாலும் மழைக்கு முன்னாடி, ஆடி ஆவணிக்குள்ள எடுத்துடுங்க, நிலத்தடி தண்ணி மேல இருக்கறப்ப காலி பண்ணா பிளாஸ்டிக் டேங்க் மேல கிளம்பிடும். நாங்க இப்ப மீட்டர் பாக்ஸ் பக்கத்து செவுத்துல பெயிண்ட்ல தேதியும் இன்ச்சும் எழுதி வெச்சிட்டோம், இந்த ஆனில அளந்தப்ப 3 இன்ச்.