பயோடீசலில் ஆறு ஆண்டுகள்: என்ஜினைவிடத் தொட்டிக்கே அதிகக் கவனம் தேவைப்பட்டது

மெக்கானிக்கல் பம்ப் கொண்ட பழைய டீசல் வேனில், முதல் ஆண்டு முழுவதும் பி20, அதாவது தாவர எண்ணெயிலிருந்தோ விலங்குக் கொழுப்பிலிருந்தோ செய்யும் பயோடீசல் நூற்றுக்கு இருபது பங்கு கலந்த டீசலையும், அதன்பின் வெயில் மாதங்களில் கலப்பற்ற பி100-ஐயும் ஊற்றி ஓட்டிவருகிறேன். பி20-க்காக வண்டியில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மைலேஜிலும் வேறுபாடு தெரியவில்லை.

பி100 அப்படி இல்லை. மாறிய மூன்றாவது வாரத்தில் ஏற்றத்தில் இழுவை குறைந்தது. ஃபில்டரைக் கழற்றியபோது கரிய கசடு அடைத்திருந்தது. பயோடீசல் நல்ல கரைப்பான் என்பதால், பல ஆண்டுகளாக டீசல் விட்டுச்சென்ற படிவுகளைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இரண்டு ஃபில்டர்களை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது. சில மாதங்களில், மிஞ்சிய எரிபொருளைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸ் ஊறி மெத்தென்று ஆகிக் கசியத் தொடங்கியது. இயற்கை ரப்பரும் நைட்ரைல் ரப்பரும் இதற்குத் தாங்காது. ஃப்ளோரோ ரப்பர் ஹோஸ் பொருத்தியதிலிருந்து கசிவே இல்லை. இவற்றை முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும்.

லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் டீசலைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு என்பது என் கணக்கு நோட்டிலும் தெரிகிறது. ஆனால் என்ஜின் ஓசை மென்மையாகிவிட்டது. எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் கரும்புகையும் வெகுவாகக் குறைந்தது. வண்டிக்குப் பின்னால் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளாதது எனக்கு உண்மையான நிறைவைத் தருகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் சற்றுக் கூடக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனக்கு அதிகச் சிரமம் தந்தது சேமிப்புதான். பயோடீசல் எண்ணெயிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ வருவது என்பதால், காற்றும் வெப்பமும் பட்டால் சமையல் எண்ணெயைப் போலவே சிக்கு வாடை அடித்துக் கெடுகிறது. பித்தளை, செம்பு இணைப்புகள் அதை விரைவுபடுத்துகின்றன. பாதி காலியான பீப்பாயை ஏழு மாதங்கள் விட்டுவைத்ததில், அடியில் நீரும் அதன்மேல் நுண்ணுயிர்களின் கொழகொழப்பும் சேர்ந்து, மீதமிருந்த அனைத்தும் வீணாயின. இப்போது மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. பீப்பாயை விளிம்புவரை நிரப்பி, நிழலில் வைத்து, அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுகிறேன். ஒருமுறை வந்த சரக்கில், தயாரிப்பின்போது உருவாகி, சரியாகக் கழுவி நீக்கப்படாத கிளிசரின் அடியில் தங்கியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு சரக்கிலும் சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஒருநாள் அசையாமல் வைத்துப் பார்த்த பிறகே பயன்படுத்துகிறேன்.

குளிரும் ஒரு வரம்பு. பாமாயிலிலிருந்து செய்தது 15 டிகிரி செல்சியஸ் அளவிலேயே மெழுகுபோல் உறையத் தொடங்கி மங்கும். கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா எண்ணெயிலிருந்து செய்தது உறைநிலைக்கு அருகில்வரை தாங்கும். ஆகவே குளிர்மாதங்களில் பி20-க்கே திரும்பிவிடுகிறேன்.

மூல எண்ணெயைப் பொறுத்தவரை, காட்டை அழித்து வளர்த்த பனைத் தோட்டத்திலிருந்து வந்தால் கார்பன் கணக்கே தலைகீழாகிவிடும். எனவே பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து செய்ததை மட்டுமே வாங்குகிறேன். புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி பொருத்திய புதிய டீசல் கார் வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். அந்த வடிகட்டியைச் சுத்தப்படுத்தச் சிலிண்டருக்குள் கூடுதலாகத் தெளிக்கப்படும் எரிபொருளில், எளிதில் ஆவியாகாத பயோடீசல் சுவர் வழியே வழிந்து என்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.