சொந்தமாகக் கோத்த ரோடு சைக்கிளில் 11-34 கேசட்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

பாகம் பாகமாக வாங்கி ரோடு சைக்கிள் கோப்பவர்களில் பலர், உச்ச வேகம் எவ்வளவு கிடைக்கும் என்பதிலிருந்தே கியர் கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் ஏற்றத்திலிருந்து தொடங்கினேன். சேலத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டையும் கொல்லிமலையையும் எப்படி விட்டுவைப்பது? முன்னால் 50-34 கிராங்க் (மிதிகட்டையோடு சுழலும் 50, 34 பல் சக்கரங்கள்), பின்னால் 11-34 கேசட் (11 பல் முதல் 34 பல் வரையிலான சக்கரங்களின் அடுக்கு), ஷிமானோ நிறுவனத்தின் 11 ஸ்பீடு, அதாவது அந்த அடுக்கில் 11 சக்கரங்கள். ஆண்டுகள் சில ஓடியும் மாற்றத் தோன்றவில்லை.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, சாலை 8 சதவீத ஏற்றம் என்று வையுங்கள். மணிக்கு 9 கிலோமீட்டரில் ஏற ஏறத்தாழ 170 வாட் தேவை. எந்தக் கியரும் அதைக் குறைத்துத் தராது. ஆனால் அதே வேகத்துக்கு, 28 மில்லிமீட்டர் டயரில், 39-25 (முன்னால் 39 பல், பின்னால் 25) போட்டால் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் மிதிக்க முடியும்; பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். 34-28 என்றால் 58 சுற்று, 34-34 என்றால் 70. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நமக்குக் கிடைப்பது உட்புறம். அங்கே சாலை சட்டென்று செங்குத்தாகும். மேலேயிருந்து பஸ் இறங்கினால் விலகவும் இடமில்லை. அந்த இடத்தை எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே மிதித்துக் கடக்க முடிகிறது. இதற்காகவே இந்தக் கேசட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்குவேன்.

உச்ச வேகத்தில் எதையும் இழக்கவில்லை. 50-11இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 52 கிலோமீட்டர். மலை இறக்கத்தில் கை பிரேக்கில்தான் இருக்கும், கால் மிதிப்பதில்லை. கழுவுவதற்காகக் கேசட்டைக் கழற்றிப் பார்த்தால் 11 பல் சக்கரம் புதிது போலவே இருக்கிறது. 19, 21 பல் சக்கரங்களில் பல் முனைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளக்கின்றன.

குறை சமவெளியில் தெரிகிறது. இதன் வரிசை 11, 13, 15, 17, 19 என்று இரண்டிரண்டாகத் தாவுகிறது. ஆத்தூர் சாலையில் எதிர்காற்று அடிக்கும்போது 17 லேசாகவும் 15 கனமாகவும் இருக்கும்; நடுவில் ஒரு 16 இருக்கக் கூடாதா என்று கால் ஏங்கும். கூட்டமாக, ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு இது உண்மையான தொல்லை. அவர்கள் 11-32 வாங்கலாம். அதில் 14, 16, 18 உண்டு. முன்னே சொன்ன ஏற்றத்தில் 34-32 நிமிடத்துக்கு 66 சுற்று தரும். எடை குறைந்தவர்களுக்கு அது தாராளம்.

வாங்கும்போது, சங்கிலியை ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றும் பின் டெரெய்லரைக் கவனியுங்கள். ஷிமானோ 105 ஆர்7000 வரிசையின் குட்டைக் கூண்டு (டெரெய்லரில் சங்கிலி ஓடும் சிறு சக்கரங்களைத் தாங்கும் பகுதி) 30 பல் வரைதான் ஏற்கும். 34 பல்லுக்கு ஜிஎஸ் என்று குறித்த நீளக் கூண்டு வேண்டும். முன்னால் 16, பின்னால் 23 என்று பல் வித்தியாசம் மொத்தம் 39. அதன் கொள்ளளவும், அதாவது அது சமாளிக்கும் மொத்த வித்தியாசமும், சரியாக 39. ஷிமானோவின் எச்ஜி800 11-34 கேசட்டை 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) மாட்டும்போது, உட்புறம் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் போட வேண்டும்; இல்லாவிட்டால் கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை இறுக்கினாலும் கேசட் ஆடும். 34 பல்லுக்கு மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால், டெரெய்லரின் மேல் புல்லி (மேல் சிறு சக்கரம்) பல்லில் உரசுகிறது. அந்த இடைவெளியைக் கூட்டும் பி-ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாக உள்ளே திருகினால் நிற்கும்.